"எல்லாம் ஒரே ஏரி மீனு தான்க்கா" – கொளத்தூர்ல சிக்லிட் வாங்குன கதை

மீனு வளக்குற மூணடி டேங்க் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. எங்க ஏரியா போர் தண்ணி பக்கெட்ல வெள்ள வெள்ளயா கறை புடிக்கிற தண்ணி, அதுல போய் உப்பில்லாத தண்ணி கேக்குற டிஸ்கஸ், டெட்ரா மீனுன்னு ஆசைப்பட்டு ரெண்டு தடவ கைய சுட்டுக்கிட்டேன், சரி தண்ணிய மாத்த முடியாது மீன மாத்துவோம்னு சென்னைல கலர் மீனு விக்கிற கொளத்தூர் கெளம்பிட்டேன். சிக்லிட்ங்கிறது ஒரு பெரிய மீனு குடும்பம், அதுல ஆப்பிரிக்கால மலாவி ஏரி வகைங்களுக்கு சுண்ணாம்பு மாதிரி தாது உப்பு இருக்குற தண்ணி தான் புடிக்கும், பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) 8 பக்கம் இருந்தா ஜாலியா இருக்கும், அதனால நம்மூரு போர் தண்ணிக்கு இத விட தோதான மீனு கெடையாதுங்கிறது என் கருத்து. கடை பேரு போடல, சண்டைக்கு தெம்பில்ல.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். தொட்டி எல்லாம் சுத்தம், செத்த மீனு ஒண்ணு கூட மெதக்கல, பையன் வலைய விட்டு தொரத்தாம ஓரமா ஒதுக்கி பதமா புடிச்சான், ஆக்சிஜன் அடிச்சு டபுள் கவர் போட்டு ரப்பர் பேண்ட் இறுக்கி குடுத்தான், ஒண்ணர மணி நேரம் டிராபிக்ல நின்னும் ஒரு மீனுக்கும் ஒண்ணும் ஆகல. நான் எடுத்தது யெல்லோ லேப்ங்கிற மஞ்ச மலாவி சிக்லிட், மூணு இஞ்ச் சைஸ், ஜோடி 250 சொன்னாங்க, பேசி ஆறு மீனு 600க்கு முடிச்சேன். பேக்கிங்குக்கு முழு மார்க்.

பிரச்சன அந்த மிக்ஸ் தொட்டி. யெல்லோ லேப், ரெட் ஸீப்ரா, டெமாசோனி, பீகாக்னு வேற வேற மலாவி வகைங்க எல்லாம் ஒண்ணா மேயுது. "ஏம்பா இப்படி கலந்து வெச்சா கிராஸ் ஆகாதா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் ஆகாதுக்கா, எல்லாம் ஒரே ஏரி மீனு தான்"னான்.

ஒரே ஏரி மீனு, அதனால தாண்டா தம்பி ஆகுது! அந்த ஏரி 500 கிலோமீட்டருக்கு மேல நீளம், சிக்லிட் மட்டுமே 500 வகைக்கு மேல இருக்கு, அம்புட்டும் கிட்டத்தட்ட ஒரே பூர்வீகத்துல இருந்து பிரிஞ்சு வந்த பங்காளிங்க, அதுவும் பரிணாமக் கணக்குல பாத்தா நேத்திக்கு பிரிஞ்சது. ஒடம்பால கலக்க முடியாதுன்னு இல்ல, கலக்காம வெச்சிருந்தது ஏரியோட அமைப்பு. பாறை மீனு மணல் வெளிய தாண்டி அடுத்த பாறைக்கு சுலபமா போகாது, அதனால ஒரு பாறைல ஒரு கலரு, அடுத்த பாறைல வேற கலரு. மிச்ச வேலைய பொண்ணு மீனோட கண்ணு பாத்துக்கும், தன் ஜாதி கலரு ஆணத்தான் தேடிப் போகும். ஆப்பிரிக்காவோட இன்னொரு ஏரியான விக்டோரியால தண்ணி கலங்குனதும் கலரு தெரியாம வகைங்க ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சுன்னு 1997லயே ஆராய்ச்சி வந்தாச்சு. கடைத் தொட்டில பாறையும் இல்ல, தூரமும் இல்ல, தேர்ந்தெடுக்க ஆளும் இல்ல.

கலப்பே பாவம்னு சொல்ல வரல. அதே விக்டோரியா 15,000 வருஷத்துக்கு முன்னாடி காஞ்சு கெடந்த எடம், அப்புறம் தண்ணி நெறஞ்சு 500 வகை கிட்ட வந்துச்சு, அந்த கூட்டத்தோட பூர்வீகமே ரெண்டு ஆத்துப் பரம்பரை கலந்தது தான்னு மரபணு பாத்து சொல்றாங்க. ஆனா அத "யெல்லோ லேப்"னு பேரு ஒட்டி யாரும் விக்கல.

சரி விஷயத்துக்கு வரேன். வீட்டுக்கு வந்த மூணாம் நாளு ஒரு மீனு மட்டும் தீனி எடுக்கல. மத்ததுங்க தீனிய வாங்குனதும் வாயி மூடியிருக்க தொண்ட மட்டும் அரைச்சுக்கிட்டு இருக்கும், ஏன்னா இதுங்களுக்கு தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்கு, அரைக்கிற வேலைய அது பாத்துக்குறதால முன் வாயி பாசி சுரண்டவோ பூச்சி பொறுக்கவோ எப்படி வேணா மாறிக்கலாம், இத்தன வகை வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க. இது மட்டும் ஓரமா நின்னு வாய லேசா மென்னுக்கிட்டே இருந்துச்சு. டார்ச் அடிச்சு பாத்தா கீழ்த்தாடை பை மாதிரி தொங்குது, வாய் நெறைய முட்ட! எங்கம்மா எட்டிப் பாத்துட்டு "ஜிலேபி மீனும் இப்படித்தான வாய்க்குள்ள வெச்சிக்கும்"னாங்க. கரெக்ட்டு, நம்ம ஜிலேபியும் ஆப்பிரிக்கால இருந்து 1952ல இந்தியாக்கு கொண்டாந்த சிக்லிட் தான்.

இதுங்க கூடற விதமே தனி. பொண்ணு முட்டய போட்டதும் வாய்ல அள்ளிக்கும், ஆணோட அடித் துடுப்புல முட்ட மாதிரியே மஞ்சப் புள்ளி இருக்கும், அதையும் முட்டன்னு நெனச்சு கவ்வப் போகும்போது விந்து வாய்க்குள்ள போயிடும். இந்த தந்திரம் அந்த மிக்ஸ் தொட்டில இருக்குற எல்லா ஆணுக்கும் தெரியும், அங்க தான் வந்தது வென.

ரெண்டர வாரத்துல குஞ்சு வெளிய வந்துச்சு, பதினொண்ணு தேறுச்சு. லேப் குஞ்சுன்னா சின்னதுலயே மஞ்ச தெரிய ஆரம்பிக்கும், முதுகுத் துடுப்புல கறுப்பு கோடு வரும். ரெண்டு மாசமாகியும் இதுங்க சேத்துக் கலருல மங்கலா பட்டை போட்டுக்கிட்டு நிக்குது, கோடும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்பன் கடைத் தொட்டில எவனோ.

போட்டோ எடுத்துட்டு போயி ஓனர் கிட்ட காட்டுனேன். கோவப்படுவாருன்னு பாத்தா மனுஷன் சந்தோஷப்பட்டாரு. "நல்லா இருக்குமா, இன்னும் ரெண்டு மாசம் வளத்து எடுத்துட்டு வா, தீனி தரேன் பதிலுக்கு, மிக்ஸ்ல போட்டுக்கலாம்." ஐந்துக்கு ரெண்டர ஸ்டார், அதுவும் அந்த கவர் கட்டுன பையனுக்காக. போனீங்கன்னா தனித் தொட்டில ஒரே வகையா நிக்கிறத மட்டும் கேட்டு வாங்குங்க, லேப்னா முதுகுத் துடுப்பு கோடு அழுத்தமா இருக்கான்னு பாருங்க, ஆரஞ்சு அடிச்சா வேணாம்.

பதினொண்ணும் இப்போ வீட்டுல தனி தொட்டில இருக்கு. குடுக்கல.