கடலைப் பாலா, பாக்கெட்டா, சோயாவா? பால் நிறுத்திய ஒரு வீட்டின் கணக்கு

எங்கள் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடம் முடிகிறது. காரணத்தை நீட்டி முழக்கப் போவதில்லை. ஊருக்குப் போயிருந்தபோது, செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, பால் சுரக்கட்டும் என்று தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு என் மகளும் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை. அவ்வளவுதான்.

வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத சாப்பாடு என்றாலே காசு செலவாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இட்லி, சாம்பார், ரசம், கீரை மசியல், சுண்டல், கேழ்வரகுக் கூழ் என்று நம் சாப்பாட்டில் முக்கால்வாசி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. அரிசி ரேஷனில் இலவசம், துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ 30 ரூபாய். நெய்யை விடுவது பெரிய விஷயமே இல்லை, மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் அது தானாகவே காணாமல் போகும். நாங்கள் மாட்டிக்கொண்டது இரண்டே இடத்தில்: காலை டம்ளர், ராத்திரித் தயிர்ச் சாதம். இந்த இரண்டுக்காகத்தான் பாக்கெட் பானம், வீட்டுச் சோயாப் பால், தேங்காய்ப் பால், நிலக்கடலைப் பால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியில் கடலையில் நின்றுவிட்டேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. முன்பு தினம் ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர், 20 ரூபாய். மாதம் 600. புதிதாக எது வந்தாலும் இந்த 600-க்குள் அடங்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஒரே நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான்.

பாக்கெட்டை சீக்கிரம் முடித்துவிடலாம். சோயா பானம் எங்கள் பக்கத்துக் கடையில் லிட்டர் 140 ரூபாய் அளவில் இருந்தது. தினம் அரை லிட்டர் என்றால் மாதம் 2,100. பாதாம் பானம் அதற்கும் இரண்டு மடங்கு. அந்தப் பாதாம் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாதாம் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், வாங்குமுன் படித்துவிடுங்கள். நான் பார்த்தவை எல்லாமே ஒற்றை இலக்கம். மீதி பெரும்பாலும் தண்ணீர். ('பால்' என்று பெயர் போடக்கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021-ல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இப்போது எல்லாமே 'பானம்'தான். நான் வீட்டில் பால் என்றே சொல்கிறேன், என்னை யாரும் கேட்கப் போவதில்லை.) பாக்கெட்டுக்கு உண்மையான பெருமை ஒன்று உண்டு. சிலவற்றில் கால்சியமும் பி12 வைட்டமினும் சேர்த்திருப்பார்கள். அந்த இடத்தில் கடலை தோற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேங்காய்ப் பால் ருசியில் ராஜா. ஆனால் அதில் கொழுப்புதான் அதிகம், புரதம் மிகக் குறைவு, பசும்பாலின் இடத்தில் வைக்க முடியாது. 2025-ல் தேங்காய் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு தினமும் பால் பிழிவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆப்பத்துக்கு மட்டும்.

உண்மையான போட்டி சோயாவுக்கும் கடலைக்கும்தான்.

காகிதத்தில் பார்த்தால் சோயா ஜெயிக்கிறது. மளிகைக் கடையில் காய்ந்த சோயா மொச்சை கிலோ 90 ரூபாய்க்குக் கிடைத்தது. அரை லிட்டர் பாலுக்கு எழுபது கிராம் போதும், மாதத்துக்கு 200 ரூபாய்கூட ஆகாது. நூறு கிராம் சோயாவில் புரதம் 36 முதல் 40 கிராம் வரை இருக்கும். கடலையில் 25 கிராம் அளவு. நானும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முதல் மூன்று மாதம் சோயாவில் இருந்தேன்.

சிரமம் அடுப்பில் ஆரம்பித்தது. ஊறின சோயாவைப் பச்சையாக அரைத்த அடுத்த நிமிடமே ஒரு பச்சைப் புல் வாடை கிளம்பும். அந்த விதைக்குள் இருக்கும் ஒரு நொதி, அரைபட்டுத் தண்ணீரும் காற்றும் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதைத் தடுக்க, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்த பிறகு அரைக்க வேண்டும். பிழிந்த பாலையும் இருபது நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள் அதில் தங்கிவிடும். இரண்டு தடவை அடுப்பு, பொங்கி வழிந்தால் மூன்றாவது தடவை துடைப்பு. சிலிண்டர் எத்தனை நாள் முன்னதாகத் தீர்ந்தது என்று நான் அளக்கவில்லை, ஆனால் வீட்டுக்காரர் கவனித்தார். தயிர் மட்டும் சோயாவில் கத்தியால் வெட்டலாம்போல உறையும், அந்த நல்ல பெயரை நான் கெடுக்க மாட்டேன்.

கடலை எனக்குப் புதிதில்லை. நான் விழுப்புரத்துப் பக்கம். எங்கள் ஊரில் யாரும் நிலக்கடலை என்று சொல்ல மாட்டார்கள், மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே வந்த டி.எம்.வி. ரகங்களை அப்பாவும் போட்டிருக்கிறார். மார்கழிப் பட்டத்தில் விதைத்தது பங்குனி, சித்திரையில் வரும். அந்தச் சமயம் ஊருக்குப் போய் மூட்டையாக வாங்கி வந்தால் சென்னை விலையைவிடக் கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் குறையும். ஊர் இல்லாதவர்களுக்கு இந்த லாபம் கிடையாது, அதனால் கீழே உள்ள கணக்கில் கடை விலையான 140 ரூபாயையே போட்டிருக்கிறேன்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. நூறு கிராம் வறுக்காத கடலையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தோலைத் தேய்த்து நீக்க வேண்டும். தோல் இருந்தால் லேசாகத் துவர்க்கும். மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீரோடு மையாக அரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வருகிற மாதிரி சேர்த்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்தால் அரை லிட்டர் சொச்சம். சிறு தீயில் பத்து நிமிடம், கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும், இல்லையென்றால் அடி பிடிக்கும். தயிருக்கு என்றால் மூன்று பங்கு தண்ணீர் போதும். விரல் பொறுக்கும் சூட்டில் பச்சை மிளகாய்க் காம்பு ஐந்தாறு போட்டு மூடிவைத்தால் வெயில் காலத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் அடுத்த நாள் மதியம்வரை காத்திருக்க வேண்டும். முதல் உறை சுமாராகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததுக்கு விட்டால் இரண்டாவது, மூன்றாவதில் தயிர் மாதிரியே ஆகும்.

மூன்று கிலோ கடலை, மாதம் 420 ரூபாய். சோயாவின் 200-க்குப் பக்கத்தில் வைத்தால் தோல்விதான். நானும் அப்படித்தான் நினைத்தேன், சக்கையைக் கவனிக்கும்வரை.

பால் பிழிந்தபின் துணியில் ஒரு கைப்பிடி சக்கை மிஞ்சும். சோயாச் சக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்திருக்கிறேன். அடையில் போட்டேன், வடையில் போட்டேன், மகள் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்தாள். அந்த வாடை எதிலும் ஒளியவில்லை. இரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் வேறொரு நாற்றம். பாதி நாள் குப்பைக்குத்தான் போனது. அதாவது பாலுக்கென்று கொடுத்த 200 ரூபாயில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

கடலைச் சக்கை அப்படி இல்லை. கடலை எப்படியும் நம் சமையலுக்குள் இருக்கும் பொருள். பார்க்கவும் ஏறக்குறைய தேங்காய்த் துருவல்போலவே இருக்கும். பச்சையாகப் பிழிந்ததால் முதலில் வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் ஈரம் போக வறட்டிக்கொள்வேன். அப்புறம் கோஸ் பொரியலில் கடைசியாகத் தூவுவது, குருமாவில் தேங்காய்க்குப் பதில் அரைத்து விடுவது, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்துத் துவையல், புளிக்குழம்பு நீர்த்துப்போனால் கெட்டியாக்க ஒரு கரண்டி. வெயில் நல்லா அடிக்கிற வாரத்தில் மொட்டைமாடியில் காயவைத்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து இட்லிப் பொடி. பாலில் இறங்காத புரதமும் நாரும் இதில் இருக்கிறது, அதுவும் வயிற்றுக்குத்தான் போகிறது.

இதில் காசு எங்கே வந்தது என்றால், தேங்காயில். முன்பு வாரத்துக்கு மூன்று காய் வாங்குவோம். இப்போது ஒன்று, அதுவும் சட்னிக்கு. எங்கள் தெருவில் காய் 30 ரூபாய்க்குக் கீழே இறங்குவதில்லை. வாரம் இரண்டு காய் மிச்சம் என்றால் மாதம் 240 ரூபாய். கடலைக்குக் கொடுத்த 420-இல் இதைக் கழித்தால் 180. சோயாவுக்கும் கீழே. பாலும் தயிரும் வந்து, பொரியலுக்குத் தூவலும் வந்து 180 ரூபாய். தேங்காயே அதிகம் வாங்காத வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அவர்களுக்குச் சோயா மலிவாகவே இருக்கலாம். கன்னியாகுமரி, பொள்ளாச்சிப் பக்கம் கொல்லையிலேயே மரம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

சரி, கடலையின் குறைகள். எனக்கு எதிரான சாட்சியை நானே கூப்பிடுகிறேன்: காந்தி. 1912-ல் பாலை விட்டவர். 1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்தபோது அவருடைய சாப்பாடு பெரும்பாலும் கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். சீதபேதி வந்து படுத்த படுக்கையாகி, கடைசியில் ஆட்டுப்பாலுக்கு இறங்கிவந்தார். கடலையையே மூன்று வேளையும் நம்பினால் வயிறு தாங்காது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆளைக் காட்ட முடியாது. எங்கள் வீட்டில் தலைக்கு முப்பது கிராம் சொச்சம்தான், மீதிப் புரதம் துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொள்ளு, தட்டப்பயறிலிருந்து வருகிறது.

கால்சியம் அடுத்தது. அரை லிட்டர் பசும்பாலில் 600 மில்லிகிராம் கிடைக்கும், கடலைப் பாலில் அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. இதைக் கேழ்வரகை வைத்து ஈடுகட்டுகிறோம். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, கிலோ ஐம்பது ரூபாய்க்குள். காலையில் கூழ் அல்லது அடை, வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, தோல் நீக்காத எள்ளுப் பொடி தினம் ஒரு ஸ்பூன். மகளுக்கு இது போதுமா என்ற சந்தேகத்தை நானே தீர்த்துக்கொள்ளவில்லை, வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பி12-இல் சந்தேகமே வேண்டாம், மாத்திரைதான். கடலையிலும் இல்லை, சோயாவிலும் இல்லை, கீரையிலும் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்கார வேண்டாம். ஈரலில் சேர்ந்திருக்கும் இருப்பு வருடக்கணக்கில் தாங்கும் என்பதால், குறைந்தது தெரியவே நாளாகும். தெரியும்போது கைகால் மரத்துப்போகிற நிலைக்கு வந்திருக்கும். மாத்திரைக் காசைச் சேர்த்தாலும் எங்கள் கணக்கு 600-க்குள்தான் நிற்கிறது.

வாங்கும்போது ஒரு கவனம். பூசணம் பிடித்த, சுருங்கின, நிறம் மாறின கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் வரும் அஃப்ளடாக்சின் நச்சு கொதிக்கவைத்தாலும் முழுக்கப் போகாது, ஈரலைக் கெடுக்கும். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இந்த யோசனையே வேண்டாம்.

காபிக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. சூடான டிகாஷனில் சோயாப் பால் திரிந்தது, கடலைப் பால் காபியைக் கடலை மிட்டாய்போல மணக்கவைத்தது. டீ பரவாயில்லை, இஞ்சி கொஞ்சம் கூடத் தட்டிப்போட்டால் கடலை வாசம் அடங்குகிறது. கருப்பட்டி போட்ட வரக்காப்பிக்கு நான் மாறிவிட்டேன். வீட்டுக்காரர் மாதம் ஒரு சோயா பாக்கெட் தனக்கென்று வாங்கி ஒளித்துவைக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கடலைத் தயிர் கத்திரி வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. புளித்த அன்றைக்கு மோர்க்குழம்பு. பசுந்தயிரில் வைத்ததைவிட இது கெட்டியாக, நன்றாக இருக்கிறது என்று அத்தையே சொல்லிவிட்டார். ஆனாலும் ராத்திரித் தயிர்ச் சாதத்துக்கு அவருக்கு மட்டும் பத்து ரூபாய்த் தயிர்ப் பாக்கெட் தினமும் வருகிறது. அதையும் 600-க்குள்தான் எழுதுகிறேன்.