யுவெண்டுமு ஓவிய நிலையம்: ஒரு சுங்குடிக்காரியின் பார்வையில்

துணியோடும் சாயத்தோடும் பிழைப்பு நடத்துகிறவர்கள் யாராவது பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போனால், நாட்டின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரைக்கும் போங்கள். அங்கிருந்து ஒரு நாளை யுவெண்டுமுவுக்கு ஒதுக்குங்கள். வார்ல்பிரி பழங்குடி மக்களின் ஊர் அது. அங்கே வார்லுகுர்லங்கு என்ற ஓவிய நிலையம் 1985-லிருந்து நடக்கிறது. முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது, வரைகிறவர்களுக்கே சொந்தம். எங்கள் மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளையும் சேர்த்தே சொல்கிறேன், பொருளையும் அதைச் செய்த கையையும் இவ்வளவு மரியாதையாக நடத்தும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் வீடு தெப்பக்குளம் பக்கம். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கிற சேலைதான் சுங்குடி. மாமியார் காலத்திலிருந்து அந்த முடிச்சு வேலையைக் கொடுத்து வாங்குகிற வீடு எங்களுடையது. புள்ளி என்றால் எனக்குக் கண் தானாகப் போய்விடும். மகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸாக இருக்கிறாள். "அம்மா, நீ பார்த்தே ஆகணும், அவங்களும் புள்ளிதான் வைக்கிறாங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப்போனாள். மாப்பிள்ளை வண்டி ஓட்டினார்.

தூரம் கொஞ்சநஞ்சமில்லை. வடமேற்கே தனாமி சாலையில் சுமார் 290 கிலோமீட்டர். நம்மூரில் அவ்வளவு தூரத்துக்குள் எத்தனை ஊர், எத்தனை டீக்கடை வந்துவிடும்! அங்கே செம்மண்ணும் முல்கா மரமும்தான். அடிபட்டுக் கிடக்கும் கங்காருவைக் கொத்த வரும் பெரிய கழுகுகளும் கண்ணில் படும். எதிரே ஐம்பது மீட்டர் நீளத்தில், பெட்டி பெட்டியாகக் கோத்த மாட்டு லாரி வந்தால் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். குடிதண்ணீர், சாப்பாடு, உதிரி டயர் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஊருக்குள் நுழையும்போதே மது தடை என்று பலகை இருக்கிறது. வண்டியில் ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் ஓபல் என்ற பெட்ரோல்தான் கிடைக்கும். பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து போதைக்குப் போனதைத் தடுக்க 2005-ல் கொண்டுவந்த பெட்ரோல் அது. முகர்ந்தால் போதை தராது, வண்டி மட்டும் வழக்கம்போல் ஓடும். இந்த மாதிரி ஊர்களில் அது எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று மகள் ஆஸ்பத்திரிக் கணக்கோடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் நிலையத்துக்குள் போனோம். முதலில் வரவேற்றவை நாய்கள். வாசலிலும் நிழலிலும் வரைகிற பெண்களின் முதுகுக்குப் பின்னாலும் படுத்திருந்தன. ஓவியம் விற்ற காசில் ஊர் நாய்களுக்குச் சாப்பாடும் மருந்தும் இந்த நிலையமே பார்க்கிறது. நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் ஒன்றும் செய்யவில்லை.

வரைகிற இடத்தில் நான் நின்ற நேரம் மகளுக்கே பொறுமை போயிற்று. ஒரு பெரியம்மா, என் மாமியார் வயசு இருக்கும், கருப்புப் பூச்சு பூசிய துணியைத் தரையில் விரித்து அதன் ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்னச் சின்னக் குப்பிகளில் குழைத்த வண்ணம். கையில் தூரிகை இல்லை. கபாப் குத்துகிற மாதிரி ஒரு மெல்லிய மரக்குச்சி. அதை வண்ணத்தில் தொட்டு, நெட்டுக்குத்தாகத் துணியில் வைத்து, அப்படியே நேராக மேலே எடுக்கிறார். சாய்த்தால் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். ஒரு முறை தொட்டால் மூன்று நான்கு புள்ளி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு மயிரிழை சின்னது. மறுபடி தொட்டதும் பெரிய புள்ளி. அந்த ஏற்ற இறக்கம்தான் தள்ளி நின்று பார்க்கும்போது துணி முழுக்க அலை அடிக்கிற மாதிரி தெரிகிறது. அச்சில் அது வராது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் செத்துப்போய் இருக்கும்.

நம்ம வேலை இதற்கு நேர் எதிர். நாம் துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டுகிறோம், சாயம் ஏறாத இடம் புள்ளியாகிறது. அவர்களோ புள்ளி இல்லாத இடத்தில் புள்ளியை வைக்கிறார்கள். ஆனால் உட்காருகிற விதம், கழுத்து வலி, கண்ணைச் சுருக்கிக்கொள்வது எல்லாம் எனக்கு வீட்டுத் திண்ணையில் பார்த்துப் பழகியவை. அந்தப் பெரியம்மா நடுவில் நிறுத்தி விரல்களை நீட்டி மடக்கினார். நானும் என் கையை நீட்டிக் காட்டினேன், முடிச்சு நூல் அறுத்த தழும்பு ஆள்காட்டி விரலில் இருக்கிறதே. பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஓவியம் என்பது அலங்காரம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு ஜுகுர்ப்பா. முன்னோர் அந்த நிலத்தில் நடந்து போன கதை, அதோடு சேர்ந்த சட்டம், குறிப்பிட்ட ஊற்று, குறிப்பிட்ட மலை. நினைத்தவர் நினைத்த கதையை வரைந்துவிட முடியாது. தகப்பன் வழியில் கதைக்கு உரியவர்களைக் கிர்தா என்கிறார்கள். தாய் வழியில் உரியவர்கள் குர்துங்குர்லு. கிர்தாதான் வரையலாம், ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று மேற்பார்ப்பது குர்துங்குர்லுவின் கடமை. சொத்து அப்பா வழி, கண்காணிப்பு அம்மா வழி. தாய்மாமன் வந்து நிற்காமல் எந்தச் சடங்கும் நடக்காத ஊரிலிருந்து போன எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்களுக்கும் இப்படி ஒரு வகைப்பாடு இருக்கிறது. எட்டுப் பிரிவு. ஆண் பெயர் 'ஜ'வில் தொடங்கும், பெண் பெயர் 'ந'வில். ஜங்களாவும் நங்களாவும் அண்ணன் தங்கை முறை. ஜங்களாவின் பிள்ளைகள் ஜம்பிஜின்பா, நம்பிஜின்பா. யாரை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் பிறந்த அன்றே தெரிந்துவிடும். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை, பக்கத்தில் உட்காருவதும் இல்லை. அது மரியாதை. இதை மகள் முன்பே சொல்லியிருந்ததால் அங்கே இருந்தவரைக்கும் மாப்பிள்ளையும் நானும் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டோம்.

நான் வாங்கியது நீர்க் கதை, ஙபா ஜுகுர்ப்பா. யுவெண்டுமுவுக்கு மேற்கே புயுர்ரு என்ற இடத்தைச் சேர்ந்தது. நெளி கோடுகள் ஓடி வரும் வெள்ளம், குட்டைக் கோடுகள் மேகம். துணியோடு ஒரு தாள் தருகிறார்கள். அதில் வரைந்தவர் பெயர், படத்தின் எண், கதை, அந்தக் கதைக்கு எந்தப் பிரிவினர் கிர்தா என்பதெல்லாம் அச்சிட்டிருக்கிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நம்ம சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். இருந்தும் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட பெண்ணின் பெயர் எந்தச் சேலையிலாவது இருக்கிறதா? அச்சுப் புள்ளியைச் சுங்குடி என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் தடவிப் பார்ப்பதில்லை. முடிச்சுப் புள்ளி என்றால் விரலுக்குப் புடைப்பு தட்டுப்படும்.

போலி அங்கேயும் உண்டு, நம்மைவிட மோசமாக. சிட்னியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் புள்ளி வைத்த பூமராங்கைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டேன். கடைக்காரரிடம் பதில் இல்லை. இப்படி விற்கும் நினைவுப்பொருட்களில் பாதிக்கும் மேல் பழங்குடியினர் செய்தவை அல்ல என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையமே 2022-ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. இன்னொரு வழக்கு, துணிக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பழங்குடி ஓவியர்களின் படங்களைக் கேட்காமலேயே எடுத்து, வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றார்கள். யாரும் மிதிக்கக் கூடாத கதைகள் காலடியில் கிடந்தன. 1994-ல் நீதிமன்றம் ஓவியர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் கடைவீதியில் வாங்காமல் நிலையத்திலேயே வாங்குங்கள் என்று இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இந்த ஓவியம் தொடங்கிய விதமும் பெரிய கதை. 1983-84-ல் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக் கதவுகளில் தங்கள் கதைகளை வரைந்தார்கள், மொத்தம் 30 கதவு. பிள்ளைகள் தினமும் திறந்து மூடுகிற கதவில் நிலம் யாருடையது என்று எழுதி வைத்தார்கள். இப்போது அவை அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்கள் பெயர் எனக்குத் தெரியும், இறந்தவர் பெயரைச் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. அதற்கு 55 வருஷம் முன்னால், 1928-ல், அதே வட்டாரத்தில் கோனிஸ்டன் படுகொலை நடந்தது. போலீஸ்காரர் ஒருவர் தலைமையில் போன கூட்டம் சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 31. அந்த மக்கள் சொல்கிற கணக்கு அதைவிட மிக அதிகம். 1920-ல் பெருங்காமநல்லூரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டை உசிலம்பட்டிப் பக்கம் இன்றும் வீட்டுக்கு வீடு சொல்கிறார்களே, அங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் துணியைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நிலையத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு, வார நாளில் போங்கள். ஊரில் சாவு விழுந்தால் எல்லாம் நிற்கும், அந்த நேரத்தில் வெளியாள் போவது முறையில்லை. பழங்குடி நிலத்துக்குள் போக அனுமதிச் சீட்டு உண்டு, 1976-ல் வந்த நில உரிமைச் சட்டப்படி. எந்தப் பாதைக்குத் தேவை என்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மத்திய நில மன்றத்தில் கேட்டுக்கொள்ளலாம். போனைப் பைக்குள்ளேயே வையுங்கள், ஆளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், இரவில் கடும் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். கோடையில் 40 டிகிரி தாண்டும், அப்போது வேண்டாம்.

விலை அளவையும் ஓவியரையும் பொறுத்தது. சின்னத் துணி நூறு இருநூறு டாலரில் கிடைக்கும், பெரியது ஆயிரங்களுக்குப் போகும். பேரம் பேசாதீர்கள். மரச்சட்டம் இல்லாமல் சுருட்டிக் குழாயில் போட்டுத் தருகிறார்கள், கைப்பையிலேயே வைத்து விமானத்தில் கொண்டு வரலாம். மதுரையில் சட்டம் போடும்போது கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓரத் துணியை வெட்டக் கூடாது, மரச்சட்டத்தில் மடித்து இழுத்து அடிக்க வேண்டும். வண்ணத்தின் மேல் ஒட்டிக்கொள்கிற மாதிரி கண்ணாடி வைக்கவும் கூடாது. அந்தத் தாளைப் படத்தின் பின்னால் ஒட்டாமல் தனியாக வைத்திருங்கள்.