கட்டைவிரல் காம்பஸ்: ஒரு வாரம் ஓடிப் பார்த்த பிறகு

மேப் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியண்டியரிங் விளையாட்டுக்கு, ஒரு சின்னத் தட்டாக விரலில் மாட்டிக்கொள்ளும் கட்டைவிரல் காம்பஸ் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை டிகிரி வரை துல்லியமாகக் காட்டும் என்பதைத்தான். இந்தக் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது. என்னுடையதில் டிகிரி எண்கள் கிடையாது, திருப்பி வைக்கும் வளையமும் கிடையாது. பார்க்க வேண்டியவை வேறு. ஓட்டத்தின் நடுவில் கண்ணைத் தாழ்த்தினால் முள் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது? தட்டின் முனை, மேப்பில் நாம் நிற்கும் இடத்தை விட்டு நகராமல் இருக்கிறதா? முதல் விஷயத்தில் இதற்கு முழு மதிப்பெண் போடலாம். இரண்டாவதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான் வேலை முடிந்து வந்து ஓடுகிறவன். முடிவுப் பட்டியலில் என் பெயரைத் தேட வேண்டுமென்றால் நடுவில் தேடுங்கள். முன்னணி ஓட்டக்காரர்களின் தேவை வேறாக இருக்கலாம். இது என் போன்றவர்களுக்காக எழுதுவது.

ஓரியண்டியரிங் பக்கம் வராதவர்களுக்கு: தரையில் பாதை போட்டு வைத்திருக்க மாட்டார்கள். கையில் ஒரு மேப், அதில் ஊதா நிற வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு பாறையோ பள்ளமோ வேலி முனையோ இருக்கும். அங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி தொங்கும். அதுதான் கன்ட்ரோல். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டு, வந்ததைப் பதிவு செய்ய, விரலில் மாட்டிய மின்னணுச் சிப்பை ஒவ்வொரு கன்ட்ரோலிலும் உள்ள பெட்டியில் பஞ்ச் செய்துவிட்டு, முடிவுக்கு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு.

இதில் இடது கை முழுக்க மேப்புக்குத்தான். மேப்பைச் சின்னதாக மடித்து, நாம் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்திக்கொண்டே போவது பழைய பழக்கம். விரலை எடுத்துவிட்டால், மறுபடி எங்கே இருக்கிறோம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஆனால் விரல் தடிமனான சாதனம். 1:10,000 அளவு மேப்பில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 10 மீட்டர். 2 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டைவிரல் 200 மீட்டர் காட்டை மூடிவிடும். கட்டைவிரல் காம்பஸ் இங்கேதான் உதவிக்கு வருகிறது. விரலில் மாட்டிக்கொள்ளும் ஒளி ஊடுருவும் தட்டு, அதன் ஓரத்தில் காந்த முள் மிதக்கும் திரவக் கிண்ணம், முன்பக்கம் கூராகச் சரியும் முனை. விரல் செய்த வேலையை இப்போது அந்த முனை செய்கிறது. திசை பார்க்க இன்னொரு கை வேண்டாம். வலது கை பஞ்ச் செய்யவும் கிளைகளை விலக்கவும் சும்மா இருக்கும்.

எந்த நிறுவனத்துடையது என்று எழுதப் போவதில்லை. தட்டை விரலோடு பிடித்து வைக்கும் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, அதனால்.

செவ்வாய்க்கிழமை ஸ்பிரிண்ட், அதாவது குறுந்தூர வகைப் பயிற்சி. கட்டடங்களும் சந்துகளும் படிக்கட்டுகளுமான இடம், 1:4000 மேப். சந்து நம்மை எப்படியும் ஒரு பக்கம்தான் கொண்டுபோகும் என்பதால் இங்கே காம்பஸ் பிடித்துத் திசை எடுக்கும் வேலை அனேகமாகக் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேப்பை நிலத்தோடு பொருத்தித் திருப்புவதற்குத்தான் முள் வேண்டும். மேப்பின் வடக்குக் கோடுகளை முள்ளுக்கு இணையாக வைத்தால் போதும், இடது வலது குழப்பம் தீர்ந்துவிடும். ஓரியண்டியரிங் மேப்புகளை வரையும்போதே காந்த வடக்குக்குத்தான் வரைகிறார்கள். அதனால் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்கும் தொல்லை இல்லை. முள் அகலமாக, கண்ணை உறுத்தும் சிவப்பில் இருப்பதால் ஓடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாலும் தெரிகிறது. இரும்புக் கிராதி, நிறுத்தி வைத்த கார்கள் பக்கத்தில் போனால் முள் கொஞ்சம் இழுபடும். எந்தக் காம்பஸாக இருந்தாலும் அப்படித்தான், அதற்கு இதைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது தட்டின் அளவை. ஸ்பிரிண்ட் மேப் சிறியது, கன்ட்ரோல்கள் நெருக்கமாக இருக்கும். முனையை நான் நிற்கும் இடத்தில் வைத்தால், கிண்ணம் போய் அதற்கு அடுத்த இரண்டு கன்ட்ரோல்களின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. தட்டு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்து என்ன பயன், கிண்ணத்தின் அடிப்பக்கம் வண்ணம் பூசியதாயிற்றே. ஸ்பிரிண்டில் தடித்த கறுப்புக் கோடு தாண்டக்கூடாத சுவர். தாண்டினால் தகுதி நீக்கம். அந்தக் கோடு கிண்ணத்துக்கு அடியில் மறைந்து கிடந்தால் வழி முடிவு செய்வது எப்படி? மேப்பை இன்னும் ஒரு மடிப்பு மடித்து, தட்டை ஓரத்துக்குத் தள்ளிச் சமாளிக்கலாம். ஸ்பிரிண்ட் மட்டும் ஓடுபவர்கள் இதே வகையில் சின்னத் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

புதன் இரவுப் பயிற்சி. நெற்றி விளக்கின் வெளிச்சம் நேராக விழும்போது கிண்ணத்தின் மேல்மூடி பளபளத்து முள்ளை மறைக்கிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் சரியாகிவிடும். ஆனால் சாய்க்கும் அளவு கூடினால் முள் அடியில் உரசி நின்றுவிடும். இந்தக் கிண்ணம் ஆழமானது என்பதால் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் உரசுகிறது. தட்டையான கிண்ணம் உள்ள மலிவு வகைகளில் இந்த வசதி இருக்காது. இரவைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

வியாழக்கிழமைப் பயிற்சிதான் காம்பஸுக்குச் சரியான பரீட்சை. கான்டூர் (மேடு பள்ளம் காட்டும் உயரக் கோடு), பாறை, பாதை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் வடக்குக் கோடுகளும் கன்ட்ரோல் வட்டங்களும் மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிடித்துக்கொள்ள நிலத்தில் எதுவும் இல்லை, முள்ளை நம்பித்தான் போக வேண்டும். தட்டின் ஓரத்தை இரண்டு கன்ட்ரோல்களையும் இணைக்கும் கோட்டின் மேல் வைத்து, மேப்பைத் தொப்புள் உயரத்தில் நேராகப் பிடித்து, முள் வடக்குக் கோட்டுக்கு இணையாக வரும் வரை உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். அப்புறம் தலையை நிமிர்த்தி, அந்தத் திசையில் தூரத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு ஓட வேண்டும். மரத்தை அடைந்ததும் மறுபடி ஒரு பார்வை.

ஒரு சின்னக் கணக்கு இங்கே உதவும். 1:10,000 மேப்பில் கன்ட்ரோல் வட்டத்தின் விட்டம் 7.5 மில்லிமீட்டர், தரையில் 75 மீட்டர். அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை 37 மீட்டருக்குச் சற்று அதிகம். 300 மீட்டர் தூரத்துக்கு 5 டிகிரி தப்பாக ஓடினால், போய்ச் சேரும் இடம் சுமார் 26 மீட்டர் தள்ளி இருக்கும். இன்னும் வட்டத்துக்குள்தான் இருக்கிறோம். சுற்றிப் பார்த்தால் கொடி கண்ணில் படும். 10 டிகிரி தப்பினால் 53 மீட்டர், வட்டத்துக்கு வெளியே. ஆக, நமக்குத் தேவை 5 டிகிரிக்குள் இருப்பது. அந்த அளவு துல்லியம் இந்த விளையாட்டுக்கென்று செய்த ஓரளவு நல்ல காம்பஸ் எல்லாவற்றிலும் உண்டு. பிழை நம் ஓட்டத்தில்தான் வருகிறது: முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் கிளம்பிவிடுவது, சரிவில் நம்மை அறியாமல் கீழ்ப்பக்கமாக நழுவுவது, புதரைச் சுற்றிக்கொண்டு எப்போதும் ஒரே பக்கமாகப் போவது. முள் சீக்கிரம் நிற்கும் காம்பஸ் முதல் பிழையைக் குறைக்கும். மற்ற இரண்டும் நம் கால்களின் பொறுப்பு.

இதன் முள் நிற்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஓட்டத்திலிருந்து நடைக்கு மாறும்போதே அடங்கிவிடுகிறது. முழுதாக நிற்கத் தேவையில்லை. என் பழைய தட்டுக் காம்பஸில் முள் இரண்டு பக்கமும் ஊசலாடி ஓயும் வரை நின்று காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் சேர்ந்துகொண்டே போகும். ஊசலை அடக்குவது கிண்ணத்திலுள்ள திரவம். அது இருந்தும் முள்ளின் எடையையும் காந்தத்தின் வலுவையும் பொறுத்து ஒன்றுக்கு ஒன்று வேகம் மாறும். காம்பஸ் பார்க்கும்போது கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டி, முள் நிற்கும் வேகத்தைக் கண்ணால் பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதைவிட அது மேல்.

வாங்குமுன் இன்னும் ஒன்று கேளுங்கள்: முள் எந்த அரைக்கோளத்துக்குச் சமன் செய்யப்பட்டது? பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. வட அரைக்கோளத்தில் முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கும், தென் அரைக்கோளத்தில் தென்முனையை. அதற்கேற்ப மறுமுனையில் எடை சேர்த்துச் செய்கிறார்கள். ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் கொண்டுபோய் ஓடினால் முள் சாய்ந்து உரசும். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இது.

சனிக்கிழமை மிடில் தூரப் போட்டி. இந்த வகை எளிதில் விடாது. பாறைகளும் சின்னச் சின்னக் குழிகளும் நிறைந்த நிலம், 1:10,000 மேப்பில் 5 மீட்டர் இடைவெளிக் கான்டூர்கள், ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் தனியாக யோசிக்க வேண்டிய நிலை. உலகப் போட்டிகளில் இந்த வகையை வெல்பவர்கள் 30, 35 நிமிடத்தில் முடிப்பார்கள். நாம் அதைப் பற்றிப் பேச வேண்டாம். இங்கே தட்டின் முனை தன் மதிப்பைக் காட்டியது. மேப்பில் ஒரு மேட்டு மூக்கு, அதன் கீழே இரண்டு பாறை, அடுத்து ஒரு வறண்ட ஓடை. ஒன்றைத் தாண்டியதும் முனையை அரை சென்டிமீட்டர் முன்னே தள்ளுவேன். கண் மேப்புக்குத் திரும்பும்போது தேடுவதே இல்லை, முனை காட்டும் இடத்திலிருந்து படிப்பு தொடரும். போட்டி முடிந்து ஸ்பிளிட் நேரங்களை, அதாவது ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்ததற்கு எடுத்த நேரங்களைப் பார்த்தபோது, நெருக்கமான கன்ட்ரோல்களில் என்னைவிட வேகமாக ஓடுகிறவர்களோடு ஒட்டி வந்திருப்பது தெரிந்தது. நீளமான ஓட்டங்களில் அவர்கள் போய்விட்டார்கள். அதற்குக் காம்பஸில் மருந்து கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை லாங், அதாவது நீண்ட தூரப் போட்டி. லாங்குக்கு வழக்கமான மேப் அளவு 1:15,000. வயது கூடிய பிரிவுகளுக்கு, கண்ணுக்கு இரக்கம் காட்டி, அதையே பெரிதாக்கி 1:10,000இல் தருவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். மேப் பெரிது, மடிப்புகள் அதிகம், ஓட்டமும் நீளம். பட்டை காலை வாரியது இங்கேதான். விரலைச் சுற்றிப் போகும் எலாஸ்டிக், வியர்வையில் நனைந்ததும் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்தால் தட்டு விரலில் சுழலும். தட்டின் ஓரம் காட்டும் திசையும் நான் போகும் திசையும் வேறாகிவிடும். அடிப்பக்கத்தில் வழுக்காமல் இருக்கச் சின்ன ரப்பர் பொட்டுகள் வைத்திருக்கிறார்கள். காகித மேப்பில் அவை பிடிக்கின்றன, ஈரமான பிளாஸ்டிக் உறையில் வழுக்குகின்றன. வழி நெடுக தட்டைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டே ஓடினேன். முள்ளுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் பட்டையில் ஏன் இப்படிக் கைவிட்டார்கள் என்று புரியவில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொக்கியாவது வைத்திருக்கலாம்.

லாங்கில் ஒரு மேட்டைக் கடந்தபோது கிண்ணத்தில் கடுகளவு குமிழ் தெரிந்தது. குளிரிலும் உயரத்திலும் இப்படி வரும். இறங்கி வெயிலுக்கு வந்ததும் மறைந்துவிட்டது. மறையாமல் வளர்ந்துகொண்டே போனால் கிண்ணம் கசிகிறது என்று அர்த்தம். உடனே மாற்றித் தரச் சொல்லிவிட வேண்டும்.

வைத்துக் காப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டிப் பையில் கைபேசியோடு, முக்கியமாகக் காந்த மூடி உள்ள உறையோடு, காம்பஸைப் போட்டு வைக்காதீர்கள். எங்களோடு ஓடும் ஒருவருக்கு முள்ளின் காந்தமே தலைகீழாகிவிட்டது. சிவப்பு முனை அசைக்க முடியாத நம்பிக்கையோடு தெற்கைக் காட்டியது. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார். போட்டிக்கு முன் எப்போதும் இன்னொரு காம்பஸின் பக்கத்தில், ஆனால் ஒட்டாமல், வைத்து ஒரு தரம் சரிபார்ப்பது இரண்டு நொடி வேலை.

யார் வாங்க வேண்டாம்? மலையேற்றத்துக்கு, டிகிரியில் திசை குறித்து நடப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் வளையம் உள்ள தட்டுக் காம்பஸே வாங்கட்டும். ஸ்வீடனில் 1933இல் தொடங்கிய சில்வா போன்றவர்கள் உலகத்துக்குப் பழக்கிய வகை அது, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஓரியண்டியரிங்கை இப்போதுதான் தொடங்குகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம். மேப்பைத் திருப்பிப் பிடிக்கும் பழக்கம் முதல் நாளே வந்துவிடும், டிகிரி கற்றுக்கொள்ளும் சுற்று வழி மிச்சம்.

இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியாக விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். வலது கைக்காரர்கள் பெரும்பாலும் இடது கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு சிப்பை வலது ஆள்காட்டி விரலில் போடுகிறார்கள். நானும் அப்படியே. பட்டையைக் கழற்றிவிட்டு, தையல் கடையில் கிடைக்கும் அகலமான எலாஸ்டிக்கை இரட்டையாக மடித்துத் தைத்திருக்கிறேன். ஈரத்திலும் தட்டு திரும்பவில்லை.