கடலூரில் இன்ஜின் மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி உதறுவது) என்று கார் விடப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டு 14,200 ரூபாய் ஏமாந்தேன். பெயர் போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வண்டி நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். கெடிலம் பாலத்தருகே நெரிசலில் நிற்கும்போது உதற ஆரம்பித்தது. பிக்கப் சுத்தமாக இல்லை. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

ஒர்க்‌ஷாப் ஓனர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் சத்தத்தைக் கேட்டார். "பெட்ரோல் பீய்ச்சுற இன்ஜெக்டர் அடைப்பு சார், ஸ்பார்க் பிளக்கும் போயிருக்கும்." காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போடவே இல்லை. இரண்டு நாளில் பில் வந்தது: நான்கு புது பிளக், இன்ஜெக்டர் சர்வீஸ், த்ராட்டில் பாடி கிளீனிங், லேபர். கட்டிவிட்டு எடுத்து வந்தேன். முதுநகர் போய்ச் சேர்வதற்குள் அதே உதறல். திரும்பப் போனால், "வால்வு லீக், இன்ஜின் மேல்பக்க ஹெட்டை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். காதாலேயே தெரியுமாம். வயிற்றெரிச்சலோடு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

மச்சான் அரியாங்குப்பத்தில் மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் பேசச் சொன்னார். விளக்கு மினுங்குகிறது என்றதுமே, "ஓட்டிட்டு வராதீங்க தம்பி, எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேத்திக் கெடுத்துடும்" என்று அவரே ஸ்கேனரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்கேனரில் வந்த கோளாறு கோடு (code) பி 0302. அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது.

இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் காயில்களை (பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பவை) இடம் மாற்றிப் போட்டு, அந்தக் கோளாறு கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரத்தில் பி 0303 என்று வந்தது. "கோளாறு காயிலோட சேர்ந்து நகருது பாருங்க. இன்ஜின்ல ஒண்ணும் இல்ல." கோடு இரண்டிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக், இன்ஜெக்டர், அப்புறம்தான் கம்ப்ரஷன் பார்ப்பாராம். காயிலின் ரப்பரில் தலைமுடி அளவு விரிசல், அதை ஒட்டிக் கருப்பாக ஒரு கீற்று. கரண்ட் அதன் வழியாக வெளியே கசிந்திருக்கிறது.

அப்புறம் பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் துருப்பிடித்து, முனை தேய்ந்த பழைய பிளக்குகள்! பில்லில் நான்கும் புதுசு. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். இன்ஜின் ஓடியபடி நிற்கும்போதும் வண்டியில் இப்போது உதறலே இல்லை.

பழைய பிளக்குகளைக் கொண்டுபோய் ஓனரின் மேஜையில் வைத்தேன். "பையன் மாத்த மறந்திருப்பான்" என்று பிளக் காசை மட்டும் நீட்டினார். வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுக்கத்தான் போகிறேன்.

தயவுசெய்து ஸ்கேனரில் வரும் கோளாறு கோடை உங்கள் கண்ணால் பார்த்து, ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் சீட்டு) எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.