த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஃப்ளைட் பேக்: ஸ்டிக் கெட்டி, பெடலைத்தான் பழக்க வேண்டும்

வீட்டுக் கணினியின் விமான சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டிப் பழகுகிறவர்கள் அதிகம் விசாரிக்கும் மூன்று துண்டு செட் இது: டி.16000எம் ஸ்டிக், டிடபிள்யூசிஎஸ் த்ரொட்டில், டிஎஃப்ஆர்பி பெடல் (முன்பின் தள்ளினால் மூக்கை இடம் வலம் திருப்பும் வால் துடுப்பான றடர், நுனியை மிதித்தால் பிரேக்). ஸ்டிக் கொடுக்கும் காசுக்கு மிஞ்சிய சாமான். பெடல் அப்படியில்லை. இரண்டு பாதமும் நெருக்கமாக நிற்கிறது, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. ஆனாலும் அதன்மேல் விழும் பழியில் பெரும்பங்கு தரைக்கும் தவறான செட்டிங்குக்கும் சேர வேண்டியது.

தரையில் தொடங்குவோம். கொழும்பு வீடுகளின் வழுவழுப்பான டைல்ஸில் பெடலை வெறுமனே வைத்தால் மிதிக்க மிதிக்க அது மேசைக்கு அடியில் ஓடிவிடும், சக்கரக் கதிரை பின்னால் போகும். ஒரு பிளைவூட் பலகையை வெட்டி, முன்பக்கம் பெடலுக்கு ஒரு தடுப்புக் கட்டை அடித்து, பின்பக்கம் கதிரையின் முன் சக்கரங்கள் இறங்கி நிற்க இரண்டு துளை போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். றப்பர் விரிப்பு மட்டும் போட்டால் லேசான மிதிக்குத் தாங்கும், முழு பிரேக்குக்குத் தாங்காது. சப்பாத்தோடு மிதிப்பதைவிட வெறுங்காலோ காலுறையோ நல்லது. தண்டவாளத்தில் நகரும் சிறு அசைவு அப்போதுதான் காலுக்குத் தெரியும்.

அடுத்தது கேபிள். பெடலின் ஆர்ஜே12 வயரை த்ரொட்டிலின் பின்புறத்தில் செருகினால் அதன் அச்சுகள் (ஒவ்வோர் அசைவும் ஓர் அச்சு) த்ரொட்டிலின் அச்சுகளாகவே கணினிக்குத் தெரியும். செருகும்போது த்ரொட்டிலின் யூஎஸ்பி வயர் கழன்றிருக்கட்டும். பிறகு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு அச்சையும் முனைக்கு முனை ஓட்டிப் பாருங்கள். இங்கேயே கோடு துடித்தால் சிமுலேட்டருக்குள் எதை மாற்றியும் பயனில்லை.

மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் முதல் வேலை, ஏற்கெனவே உள்ள இணைப்புகளைக் களைவது. ஸ்டிக்கின் முறுக்கு, த்ரொட்டிலின் விரல் துடுப்பு, பெடல் ஆகிய மூன்றும் ஒரே றடரைப் பிடித்து இழுத்தால் ஓடுபாதையில் மூக்கு இடமும் வலமும் ஆடும். பெடலைத் தவிர மற்ற இரண்டையும் றடரிலிருந்து நீக்குங்கள். உதவி அமைப்புகளில் ஓட்டோ றடர் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெடல் வாங்கியதே வீண். விமானம் த்ரொட்டிலுக்கு அசையாமல் நின்றால் பிரேக் அச்சு தலைகீழாக இருக்கிறது. காலை எடுத்தவுடன் முழு பிரேக் பிடிப்பது அதனால்தான். இடது, வலது பிரேக் இரண்டுக்கும் ரிவர்ஸ் கட்டத்தைத் தொடுங்கள்.

இனி எண்கள். ஸ்டிக்கின் முன்பின், பக்கவாட்டு அச்சுகளில் இருப்பது காந்த ஹோல் உணரி. உராய்ந்து தேயும் பகுதி இல்லாததால் டெட்ஸோன் (அசைத்தும் விமானம் கண்டுகொள்ளாத தொடக்க இடைவெளி) 1 அல்லது 2 சதவீதம் போதும். நடு அசைவை மென்மையாக்கும் வளைகோடான சென்சிட்டிவிட்டியை இரு பக்கமும் மைனஸ் 30இல் வைத்துத் தொடங்குங்கள். இந்த மைனஸ் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசைதான் ஆபத்து. நடுவில் வளைகோடு தட்டையானால் அந்த மிச்சத்தை ஓரத்தில் செங்குத்தாகக் கட்டியே தீரும். மைனஸ் 70இல் நேராகப் பறப்பது சுகமாக இருக்கும். ஆனால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க ஸ்டிக்கை அதிகம் இழுக்க வேண்டிவரும், சரியாக அந்த இடத்தில் விமானம் திடீரென எகிறும். ரியாக்டிவிட்டி 100இலேயே இருக்கட்டும். அதைக் குறைத்தால் கை அசைவுக்கும் விமானத்துக்கும் நடுவே தாமதம் வரும்.

பெடலுக்குக் கணக்கு வேறு. றடர் டெட்ஸோன் 4 முதல் 6, சென்சிட்டிவிட்டி மைனஸ் 50. பிரேக்கின் டெட்ஸோனை 8 முதல் 10 வரை தாராளமாகக் கொடுங்கள். றடரைத் தள்ளும் பாதத்தின் பாரம் தெரியாமல் பிரேக்கிலும் விழும், ஓட்டத்தில் வேகம் ஏறாது, ஒரு பக்கம் இழுக்கும். குதிகால் கீழேயே தங்க வேண்டும். மிதித்தும் முழு பிரேக் வராவிட்டால் முனைப்பக்கத்துக்கான எக்ஸ்ட்ரிமிட்டி டெட்ஸோனை 5க்கு ஏற்றுங்கள்.

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர்காரர்கள், விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி ஓக்மென்டேஷனைப் பூச்சியத்தில் விட்டு வளைகோட்டை மட்டும் தொட்டால் போதும். போர்விமான சிமுலேட்டரான டிசிஎஸ்ஸில் கேர்வேச்சர் (வளைவின் அளவு) 15 நல்ல தொடக்கம். எதுவானாலும் த்ரஸ்ட்மாஸ்டரின் டார்கெட் மென்பொருளில் ஒரு வளைகோடு, விளையாட்டுக்குள் இன்னொன்று என்று இரண்டு வைக்காதீர்கள்.

சோதிக்கக் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையம் வசதி. ஓடுபாதை 22இல் (ஏறக்குறைய 220 பாகைத் திசை) காற்றில்லாமல் செஸ்னாவுக்கு முழு த்ரொட்டில் கொடுங்கள். மூக்கு இடப்பக்கம் போகும், மெல்லிய வலது மிதியால் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். மிதித்தும் ஒன்றும் நடக்காமல், பிறகு சட்டென்று பாய்ந்தால் டெட்ஸோன் கூடிவிட்டது. தொட்டாலே ஆடினால் வளைகோடு போதவில்லை. அடுத்து 310 திசையிலிருந்து 10 நொட் காற்று வையுங்கள். அது ஓடுபாதைக்கு நேர்க்குறுக்கு. கட்டுநாயக்கா விமான நிலையத்தின் ஓடுபாதையும் இதே திசைகளில் 04/22தான். 3,350 மீற்றர் நீளம் என்பதால் பிரேக்கைச் சோதிக்க அங்கே போகலாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரை வீடுகளுக்கு ஒரு குறிப்பு. பெடலிலும் ஸ்டிக்கின் முறுக்கிலும் இருப்பது உராயும் பொட்டென்ஷியோமீற்றர். உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்தால் துடிக்கத் தொடங்கும். டெட்ஸோனைப் பெருக்கி அதை மறைக்காமல், மின்னணுப் பாகங்களுக்கான கொன்டக்ட் கிளீனர் அடித்து, அச்சைப் பலமுறை ஓட்டிக் காயவிடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரிக்கலாம். எண்ணெய்ப்பசை விடும் ஸ்ப்ரே வேண்டாம்.

பாவித்த செட் வாங்குவதானால் மடிக்கணினியோடு போங்கள். பெடலை மெதுவாக, மிக மெதுவாக, நடுவிலிருந்து இரு பக்கமும் நகர்த்துங்கள். கோடு தாவினால் துப்புரவு செய்தும் திருந்தாமல் போகலாம், விலையை அதற்கேற்பப் பேசுங்கள். ஸ்டிக்கின் முறுக்கு மட்டும் தாவினால் கவலைப்பட வேண்டாம். பெடல் இருக்கும்போது அது தேவைப்படாது.