ஒரே நாளில் பிளான் அப்ரூவல், ஆனால் மனைக்கு?

இந்த முறை ஊருக்குப் போனபோது தம்பி வீடு கட்டும் வேலையில் இருந்தான். கட்டட அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அலையவே இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த, விவரங்கள் சரி என்று மனைக்காரரே உறுதி சொல்லும் சுயசான்று முறையில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஆன்லைனிலேயே அனுமதி. முன்கூட்டி யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லை. பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிப் பணம் கட்டினான். அன்றைக்கே க்யூஆர் கோடு போட்ட அனுமதி கைக்கு வந்துவிட்டது. மனதாரப் பாராட்டுகிறேன்.

நான் இருக்கும் கலிபோர்னியாவிலும் இப்படித்தான் மாநில அரசு தலையிட வேண்டியிருந்தது. தனி வீட்டு மனையில் இரண்டு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று 2022 முதல் அமலில் உள்ள எஸ்பி 9 சட்டம் சொல்கிறது. நகர மன்றங்கள் பல எதிர்த்தன. அங்கே தடை, அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு. தமிழகத்தில் தடை வேறு.

அடுத்த தெருவில் தையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வைத்திருப்பது இரண்டு சென்ட். வயலைக் கூறுபோட்டு விற்ற அன்அப்ரூவ்டு மனை. பத்திரம் இருக்கிறது, வில்லங்கம் இல்லை, கல்லும் நட்டிருக்கிறது. ஆனால் சுயசான்றுக்குள் நுழைய முடியாது. முதலில் மனையை வரன்முறைப்படுத்த, அதாவது விட்டுப்போன அரசு ஒப்புதலை இப்போது வாங்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்கு 2017இல் விதி வந்தது, கெடுவும் பலமுறை நீண்டது. சிக்கல் எங்கே என்றால், தனி மனைக்கு முன்னால் மொத்த லேஅவுட்டுக்கும், அதாவது கூறுபோட்ட வயல் முழுவதன் மனைப் பிரிவுக்கும், ஒப்புதல் வேண்டும். விற்ற புரோக்கரைக் காணோம். மனைக்காரர்கள் ஆளுக்கொரு ஊரில். அக்கா பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த லேஅவுட் நகலில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் எண்கள் அழிந்துபோயிருந்தன. அலுவலகத்தில் கேட்டால், "எல்லாரும் சேர்ந்து வாங்கம்மா" என்கிறார்களாம்.

அப்ரூவ்டு மனை வாங்க வசதி இருந்த என் தம்பிக்கு ஒரே நாள். வசதி இல்லாததால்தானே அவர் அந்த மனையை வாங்கினார்! லேஅவுட் வரைபடத்தை அரசே அளந்து தயாரித்து, வரன்முறைக்காகக் கட்ட வேண்டிய வளர்ச்சிக் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டால் என்ன? கட்டட அனுமதியில் காட்டிய துணிச்சலை இதிலும் காட்டலாம்.