கொடிக்கு மரப் பின்னலா, இரும்புப் பின்னலா?

தோட்டத்தில் கொடி படரவிட மரப் பின்னல்தான் என் முதல் தேர்வு. குறுக்கும் நெடுக்குமாகப் போகிற மெல்லிய சட்டங்கள் தரையில் போடும் கட்டம்கட்டமான நிழலுக்கே தனி அழகு. வெயிலில் இரும்பு அளவுக்குச் சுடாது, அதனால் இளந்தளிர் கருகாது. ஆனால் மரத்துக்கு எதிரி தண்ணீர். இரண்டு சட்டம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மழைநீர் தங்கும், ஆணியைச் சுற்றிக் கறுக்கும், அப்புறம் விரலால் அழுத்தினாலே உள்ளே போகும். அடிப்பகுதி மண்ணைத் தொடவே கூடாது. சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பொருத்தினால் பின்னால் காற்று ஓடி ஈரம் காயும்.

இரும்புக் கம்பி ஒல்லியாக இருந்தாலும் பாரம் தாங்கும். தண்டு மரம்போல் தடித்துவிடும் விஸ்டீரியா என்ற பூங்கொடிக்கு இதுதான் சரி. மரச்சட்டத்தை அது நாளடைவில் நெரித்தே உடைத்துவிடும். பற்றுக்கம்பி என்கிற சுருள் இழையால் ஏறும் பாஷன் பழக்கொடிக்கும் சுற்றிப் பிடிக்க வசதி. துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பெயின்ட் என்றால் ஒரு கீறல் போதும், துரு அடியிலேயே பரவிவிடும்.

சங்குப்பூ, மல்லிகை மாதிரி மெல்லிய கொடி என்றால் தயங்காமல் மரத்தையே வையுங்கள்.